தண்ணீரில் கரண்ட் விட்டுக் காட்ட வருகிறவரிடம் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லுங்கள்

கடலூர்க்காரர்கள், அதிலும் வயதான அப்பா அம்மாவை ஊரில் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். "இலவசமா தண்ணி டெஸ்ட் பண்ணித் தர்றோம்" என்று வீடு வீடாக வந்து ஆர்.ஓ. மெஷினை (தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைக் குறைக்கிற பெட்டி) தலையில் கட்டுகிறவர்கள் கூத்தப்பாக்கம், செம்மண்டலம் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் 18,500 ரூபாய் போய்விட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயனில்லை, நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். காட்டுகிற வித்தை மட்டும் மாறாது.

என் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீன் வாங்கினால்கூட செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். அவரே நம்பினார் என்றால், அது அறிவு போதாமல் நடந்ததில்லை. கண் முன்னால் ஒன்றைக் காட்டினால் அது எதற்குச் சாட்சி என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த வியாபாரம் முழுவதும் அதை நம்பித்தான் நடக்கிறது.

முதலில் டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவைக் காட்டும் கருவியை, தண்ணீரில் விட்டு 410 என்று காட்டியிருக்கிறார்கள். "நூறத் தாண்டினாலே விஷம் சார்" என்றிருக்கிறார் வந்தவர். பிறகு இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டு டம்ளருக்கும் சேர்த்து வைத்து பிளக்கில் சொருகினார். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் முதலில் பச்சையாகத் திரும்பி, அப்புறம் பழுப்பாகி, மேலே சேறு மாதிரி நுரை கட்டிக்கொண்டது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "இதத்தாம்மா தெனமும் குடிக்கிறீங்க. சிப்காட் கழிவெல்லாம் நிலத்துக்குள்ள எறங்கியிருக்கு." அம்மா அன்றைக்கே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. ஒவ்வொரு டம்ளரிலும் இறங்குகிற இரண்டு கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றது அலுமினியம். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாக, சுருக்கமாகச் சொன்னால் துருவாக, வெளியே வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. அந்தச் சோதனை காட்டியது எந்தத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான். எது சுத்தம், எது விஷம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தத்துக்குப் பணம் வாங்க அவர் திரும்பி வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். "அம்மாவுக்கு இன்னொரு தடவை காட்டுங்கண்ணே" என்று கேட்டு, மெஷினிலிருந்தே ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அவர் கம்பியை விடுவதற்கு முன்னால் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த உப்பு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதில் போட்டேன். "உப்பெல்லாம் போடக்கூடாதுங்க" என்றார். "நாங்க சாப்பிடற உப்புதானே" என்றேன். அப்பா "போடுப்பா, பாக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போட்டார். குழாய்த் தண்ணீரைவிட வேகமாக, அவர் விற்ற மெஷினின் தண்ணீரே பழுப்பாகிச் சேறு கட்டியது. அப்பா கம்பியை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இரும்புக் கம்பி முழுக்கச் சின்னச் சின்னக் குழியாக அரித்திருந்தது. (பிளக்கை உருவிய பிறகு தொட்டார். இதை யாரும் வீட்டில் தனியாகக் கம்பி விட்டுச் செய்து பார்க்காதீர்கள், அது நேராக வீட்டு மின்சாரம்.)

லண்டன் உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-ல் ஒரு சோதனை செய்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இதன் பின்னால் உள்ள விதியைக் கண்டுபிடியுங்கள், வேறு மூன்று எண்களைச் சொல்லிச் சோதித்துக்கொள்ளலாம் என்றார். பெரும்பாலானவர்கள் இரண்டு இரண்டாகக் கூடுகிறது என்று முடிவு கட்டி, 8, 10, 12 போல அதற்குப் பொருந்துகிற எண்களையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தங்கள் கணக்கு தவறு என்று தெரிந்திருக்கும். நம் எண்ணத்தை உடைக்கக்கூடிய கேள்வியை நாமாகக் கேட்பதில்லை. விற்க வருகிறவர் கேட்கவே மாட்டார். அந்த உப்புதான் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி.

டிடிஎஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மீட்டர் அளப்பதும் மின்சாரம் பாயும் அளவைத்தான். இளநீரில் விட்டால் ஆயிரக்கணக்கில் காட்டும். சர்க்கரையை ஸ்பூன் ஸ்பூனாகக் கரைத்தாலும் எண் ஏறாது. கிருமி இருந்தாலும், பூச்சிமருந்து கலந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. 410 என்று அப்பாவே டைரியில் எழுதி வைத்திருந்தார். அவர்கள் மீட்டர் காட்டிய எண்ணே, உப்பைக் குறைக்க எங்கள் வீட்டுக்கு அந்த மெஷின் தேவையில்லை என்பதற்குச் சாட்சி. டிடிஎஸ் 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே உத்தரவிட்டது.

சில வீடுகளில் ஏதோ ஒரு ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தண்ணீர் மஞ்சளாவதைக் காட்டுகிறார்களாம். குளோரின் இருந்தால் அப்படித்தான் மஞ்சளாகும். கிருமி சாக வேண்டும் என்றுதான் குளோரின் போடுகிறார்கள், குழாயில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி.

எனக்கு ஆத்திரம் வருவது சிப்காட் பெயரை இழுத்ததில்தான். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு பக்கம் காற்றுக்கும் தண்ணீருக்கும் மக்கள் பட்டது நிஜம், இத்தனை வருடப் போராட்டம் நிஜம். அந்த நிஜமான பயத்தை எடுத்து, அதனால் உங்கள் வீட்டுக் குழாயில் வருவது விஷம், அதனால் இந்தப் பெட்டிதான் மருந்து என்று கோர்க்கிறார்கள். முதல் வரி உண்மை என்பதால் அடுத்த இரண்டையும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. தண்ணீரில் நிஜமாகவே சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதித் தருவார்கள்.

உப்பு போட்டுப் பார்த்த பிறகும் அம்மா, "இந்தத் தண்ணி குடிச்சதுலேர்ந்து எனக்கு நெஞ்செரிச்சல் இல்லையேடி" என்றார். அதே மாதம் டாக்டர் மாத்திரையை மாற்றியிருந்தார், ராத்திரிச் சாப்பாட்டையும் முன்னால் தள்ளச் சொல்லியிருந்தார். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னதுதான் காரணம் என்று மனசு தானாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. "உங்க தெருவுலயே நாலு வீட்ல நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்று விற்கிறவர் சொல்வதும் அப்படி நம்ப வைக்கிற ரகம். திருப்பிக் கொடுக்கப் போராடுகிற வீட்டை அவர் வாயால் சொல்வாரா? அப்பாவுக்கு வேறு தயக்கம். "பதினெட்டாயிரம் போட்டாச்சு, சர்வீஸ் போடலேன்னா அதுவும் வீணாப் போகும்." போன பணம் சர்வீஸ் போட்டாலும் வராது, போடாவிட்டாலும் வராது. இனி கொடுக்கப் போகிற பணத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா என்று உட்காரவைத்துப் பேசினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "டெமோ விளக்கத்துக்கு மட்டும்தான் மேடம்" என்கிறார்கள். ரசீதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். அது நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஒரே மாதிரி ஏமாந்தவர்கள் பலர் இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு ஒருவர் எல்லோருக்காகவும் வழக்குப் போடலாம். உங்கள் வீட்டிலும் இந்த மெஷின் இருந்தால் ரசீது, அவர்கள் எழுதிக் கொடுத்த டிடிஎஸ் சீட்டு, பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் பத்திரப்படுத்திவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.