ஆயில் கூலருக்கு நூறு மார்க், அதன் வாஷருக்கு முட்டை

பைக் இஞ்சின் ஆயிலை ஆறவைக்கிற ஆயில் கூலர் நல்ல சாமானா என்று கேட்டால், நல்ல சாமான். ஆயில் கூலர் வைத்த வண்டி வாங்கலாமா என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்கள். இப்போதுதான் லேத் பட்டறையிலிருந்து வந்திருக்கிறேன், கையில் மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.

கேட்டவன் கோபியில் இருக்கிற மாப்பிள்ளை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறான். சின்னதில் ஆயில் கூலர் இல்லை, பெரியதில் உண்டு. "மாப்ளே, முன்னாடி அந்தக் குட்டி ரேடியேட்டர் ஒண்ணு தொங்குதே, அது தேவையா, தொல்லையா?" என்று போனில் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வண்டி 200 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றோடு ஆயில் கூலரும் சேர்ந்த இஞ்சின். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி ரசிகர்களும் எதிர்க் கம்பெனி ரசிகர்களும் சண்டைக்கு வந்துவிடுவார்கள், பேச வந்த விஷயம் காணாமல் போகும். எனக்கு நூற்பாலைகளுக்கு ஸ்பேர்ஸ் விற்கிற வேலை. கோவையில் கிளம்பினால் சோமனூர், பல்லடம், பெருந்துறை, ஈரோடு, சில நாள் கரூர் வரைக்கும் போகும். வண்டி சும்மா நின்ற நாள் குறைவு.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபம் பின்னால் வரட்டும்.

பெட்ரோல் எரிந்து வருகிற சக்தியில் சக்கரம் சுற்றப் போவது கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் சூடுதான். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். இஞ்சினிலேயே தங்குகிற சூட்டில் ஒரு பங்கைச் சிலிண்டர் மேலுள்ள ஃபின்கள் என்கிற மெல்லிய தகடுகள் காற்றில் விடும். ஆனால் பிஸ்டனின் அடிப்பக்கம், கிராங்க் பேரிங், கேம் என்று உள்ளே இருக்கிற பாகங்களையெல்லாம் காற்று எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அங்கே போய்ச் சூட்டை வாங்கி வருவது ஆயில். வாங்கி வந்த சூட்டோடு அடியில் சம்ப் என்கிற ஆயில் தொட்டியில் தேங்கி நின்றால் ஆயிலே சூடேறிக்கொண்டு போகும். அதைப் போகிற வழியில் ஒரு சின்ன அலுமினிய ரேடியேட்டருக்குள் சுற்றவிட்டு, எதிர்க்காற்றில் ஆறவைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆயில் கூலர் என்பது அவ்வளவுதான். என் வண்டியில் அதற்குத் தனி மோட்டார் இல்லை, விசிறி இல்லை. இஞ்சினில் ஏற்கெனவே இருக்கிற ஆயில் பம்ப்தான் தள்ளுகிறது.

தண்ணீரில் ஓடுகிற ரேடியேட்டர் அளவுக்கு இதை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற எவ்வளவு சூட்டை வாங்குமோ, அதில் பாதியைத்தான் ஒரு கிலோ ஆயில் வாங்கும். அதே சமயம் தண்ணீர் போக முடியாத இடத்துக்கெல்லாம் ஆயில் போகும். 1985-இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 என்கிற நான்கு சிலிண்டர் ரேஸ் பாணி ரோடு வண்டியையே தண்ணீர் இல்லாமல் ஆயிலை வைத்துத்தான் ஆறவைத்தார்கள். நம் ஊரில் 2007-இல் வந்த பல்சர் 220-இல்தான் நான் முதன்முதலில் ஆயில் கூலரைக் குனிந்து பார்த்தேன்.

இதெல்லாம் படித்தும் தெரிந்துகொள்ளலாம். எனக்குப் புரிந்தது இடது காலில்.

இதற்கு முன் வைத்திருந்தது வெறும் காற்றில் ஆறுகிற 150. சித்திரை வெயிலில் ஈரோட்டிலிருந்து கிளம்பி விஜயமங்கலம் வருவதற்குள் கியர் முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். சிக்னலில் நியூட்ரல் விழாது. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே மேலும் கீழும் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும், பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார். பைக்கில் இஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். அது சூடேறி நீர்த்துப் போனால் முதலில் சொல்வது கியர் லீவர்தான். டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கிறதே, அந்த 50 என்பது 100 டிகிரியில் அந்த ஆயிலுக்குள்ள தடிமனைக் குறிக்கிறது. 130 டிகிரிக்குப் போய்விட்டால் அந்தத் தடிமன் இருக்காது.

இந்த 200-இல் அந்தத் தொல்லை வந்ததே இல்லை. கரூர் பரமத்தியில் வெயில் 40-ஐத் தாண்டுகிற நாளில், மத்தியானம், பையில் இரும்புச் சாமானோடு போய்விட்டுத் திரும்பும்போதும் ஒரே தட்டில் நியூட்ரலின் பச்சை விளக்கு எரியும். காலையில் கிளம்பியபோது கியர் எப்படி விழுந்ததோ அப்படியேதான் சாயங்காலமும். வண்டி வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. பவர், டார்க், மைலேஜ் என்று ஒப்பித்தார்கள். எனக்கு இந்த வண்டியில் பிடித்ததே இந்த ஒன்றுதான்.

சந்தேகத்துக்கு, மில்லில் பேரிங் சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் துப்பாக்கியை ஒரு நாள் கடன் வாங்கி, கூலருக்குள் போகிற பக்கமும் வெளியே வருகிற பக்கமும் பிடித்துப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து நிறுத்திய கையோடு பார்த்தால் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் வித்தியாசம். பளபள அலுமினியத்தில் நேராகப் பிடித்தால் அந்தத் துப்பாக்கி பொய் சொல்லும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் பிடிக்க வேண்டும். பத்து டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆயில் சூட்டில் ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் அது கெட்டுப்போகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஆயில் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கிற கணக்கு. பத்து டிகிரி பெரிய விஷயம்தான்.

சரி, நியாயம் முடிந்தது. இனி வயிற்றெரிச்சல்.

கூலருக்கு இரண்டு ஹோஸ். ஹோஸின் முனை கூலரில் உட்காருகிற இடத்தில், நடுவில் துளையிட்ட பேன்ஜோ போல்ட் ஒன்று. அந்த முனைக்கு மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர். வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்திருப்பார்கள், இறுக்கும்போது நசுங்கி இடுக்கை அடைப்பதற்காக. ஒரு தடவை நசுங்கியதோடு அதன் ஆயுள் முடிந்தது. கழற்றும்போதெல்லாம் புதிது போட வேண்டும். ஒரு டீ, ஒரு பஜ்ஜி விலைதான் வரும்.

வாரண்டி இருந்தபோதே, முன்சக்கரத்தில் தெறித்த கல் பட்டு ஒரு ஹோஸ் உரிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஹோஸ் புதுசு, வாஷர் பழசு. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஒழுகல் என்று சொல்ல முடியாது, கசிவுதான். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் போல்ட்டைச் சுற்றி ஈரம். ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் ஒரு சொட்டு. ஆயில் மட்டம் பார்க்கிற கண்ணாடியில் ஒன்றும் குறைந்திருக்காது. அதனால் யாரும் மதிக்கவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ணா, ஓட்டுங்க" என்பார்கள். வீட்டில் மட்டும் மதித்தார்கள். கோலம் போடுகிற இடத்தைக் காட்டி, "உங்க வண்டி வாசல்ல பொட்டு வெச்சிருக்குது பாருங்க" என்று காலையில் காபிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். வண்டிக்கு அடியில் அட்டை விரித்தேன். கறை அட்டைக்கு மாறியது, பேச்சு மாறவில்லை.

ஒரு சொட்டுதானே என்று விட்டிருக்கலாம். ஆனால் நான் போகிற சாலைகள் அப்படி. சோமனூரில் வேஸ்ட் காட்டன் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் போனால் பஞ்சு பறக்கும். பல்லடத்தில் விடிகாலையில் கேரளாவுக்குக் கோழி ஏற்றிப் போகிற லாரிக்குப் பின்னால் இறகு பறக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில்லைத் தாண்டினால் மஞ்சித் தூள். காய்ந்த கூலராக இருந்தால் பாதி ஒட்டும், பாதி போகும். ஆயில் வழிந்த கூலரில் எல்லாம் ஒட்டும், ஒட்டியது போகாது. ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் ஃபின்களின் மேல் கம்பளி போர்த்திய மாதிரி ஒரு படலம். காற்று உள்ளே நுழைந்தால்தானே கூலர்? நுழையாவிட்டால் அது வண்டிக்கு முன்னால் தொங்குகிற வெறும் அலுமினியம். டீ விலை வாஷருக்காக, நான் மேலே பாராட்டிய அத்தனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டுப் போகும். எனக்கு எரிகிறது அதில்தான், வாசல் கறையில் இல்லை.

இதில் இன்னொரு கூத்து. அழுக்கைக் கழுவுகிறேன் என்று வாட்டர் ஜெட்டை நேராகப் பிடித்து அடித்தார்கள். மெல்லிய ஃபின்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டன. சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த வேகத்தில் தண்ணீர், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். படுத்த ஃபின்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பல்குத்தும் குச்சியால் நிமிர்த்தினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

கசிகிறது என்று சொன்னபோதெல்லாம் சர்வீஸில் செய்தது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் இறுக்குவது. போல்ட் ஸ்டீல், கூலர் அலுமினியம். போன வாரம் எது தோற்க வேண்டுமோ அது தோற்றது, மரை போய்விட்டது. கூலரை அசெம்பிளியோடு மாற்ற வேண்டும் என்று ஒரு விலை சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு நேராகக் கணபதி ஏரியாவில் இருக்கிற லேத் பட்டறைக்குப் போனேன்.

கோவையில் இருப்பதில் ஒரு சௌகரியம், எந்த இரும்புக்கும் ஒரு லேத் உண்டு. மில் சாமான் கடைந்து கொடுக்கிற பெரியவர் ஒருவர் கூலரைக் கையில் வாங்கி, மரையை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "நசுங்குன வாஷர் மறுக்கா நசுங்குமாங்க தம்பி? அதுக்குப் பதிலா மரைதான் நசுங்கும்" என்றார். இத்தனை நாள் நான் சொல்ல முடியாமல் தவித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். துளையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற உலோகக் குழல் ஒன்றைப் போட்டு, உள்ளே பழைய அளவிலேயே மரை வெட்டினார். வெட்டியதைவிட அதிக நேரம் எடுத்தது கழுவுவதற்குத்தான். மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, ஏர் அடித்து, மறுபடி குலுக்கி. கூலருக்குள் அலுமினியத் துருவல் ஒன்று தங்கினாலும் அது ஆயிலோடு பேரிங் வரைக்கும் போகலாம். செம்புத் தகட்டில் வாஷர் வெட்டி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கிக் கொடுத்தார். கூடவே நான்கைந்து கையிருப்புக்கு. புதுக் கூலர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போது சொட்டு நின்றிருக்கிறது.

கூலரே கைவிரிக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பண்ணாரியைத் தாண்டித் திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவு. முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஏதாவது வளைவில் திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டிருந்தால், பின்னால் முதல் கியரில் ஊர்ந்துதான் ஆக வேண்டும். இஞ்சின் கஷ்டப்படுகிறது, காற்றோ இல்லை. விசிறி இல்லாத கூலருக்கு அங்கே வேலையே கிடையாது. நிறுத்தி ஆறவைக்கலாம் என்றால் புலிகள் காப்பகம், யானை நடமாடுகிற ரோடு. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற வேண்டியதுதான். கோவைக்குள்ளும் முன்பு இதே கதை. 2025 அக்டோபரில் அவிநாசி சாலை மேம்பாலம் திறந்த பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, வண்டிக்கும்தான்.

மார்கழியில் கோத்தகிரி போனால் நேர்மாறு. ஆயில் சூடேறவே மாட்டேன் என்கிறது. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே சேர்கிற ஈரம் ஆவியாகிப் போகும். இல்லாவிட்டால் ஆயில் ஊற்றுகிற மூடிக்கு அடியில் வெள்ளையாகப் படியும். சில வண்டிகளில் இதற்கென்று, ஆயில் சூடாகும்வரை கூலருக்குள் விடாத தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறார்கள், என்னுடையதில் இல்லை. கீழே இறங்கி ஒரு நாள் ஓட்டினால் சரியாகிவிடும், அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயில் மாற்றும்போது கூலரிலும் ஹோஸிலும் கொஞ்சம் பழைய ஆயில் நிற்கும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். டப்பாவில் உள்ளதை மொத்தமாகக் கவிழ்த்துவிடாமல், ஒரு நிமிஷம் இஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, மட்டம் பார்த்துவிட்டு மீதியை ஊற்றுவது நல்லது.

மாப்பிள்ளைக்கு வருகிறேன். அவன் தோட்டத்துக்கும் கோபி கடைவீதிக்கும் போய் வருகிறவன், மாசத்துக்கு ஒரு தடவை ஈரோடு. அந்த ஓட்டத்துக்கு ஃபின் வைத்த சாதா இஞ்சினே தாராளம் என்று நியாயமாகச் சொல்லலாம். ஆனால் நான் அப்படி நிதானமாக யோசித்துச் சொல்லவில்லை. "வேண்டாம்டா, வாங்காதே" என்று பட்டென்று சொன்னேன். அப்ப நீ உன் வண்டியை வித்துடுவியா என்று கேட்டான். தாராபுரத்துக்காரர் ஒருவர் நல்ல விலைக்கே கேட்டிருந்தார், கொடுக்க மனசு வரவில்லை. அதைச் சொன்னதும் சிரித்தான். சிரித்துக்கொள்ளட்டும். ஆடிக் காற்றில் உடுமலை வரைக்கும் போய், கியர் வெண்ணெயாய் விழுந்து திரும்பி வந்த அன்றைக்குக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் கேட்டது இந்த வாரம். இந்த வாரம் வேண்டாம்தான்.