‘லைசென்ஸ் எங்ககிட்ட இருக்குக்கா’ என்று சொல்லி வருகிற பாறை வெடிக்காரர்களிடம் ஜாக்கிரதை

சேலத்தில் கன்னங்குறிச்சி, கோரிமேடு, ஏற்காடு அடிவாரம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எனக்கு 1,35,000 ரூபாய் போய்விட்டது. பணம் போனதுகூட ஒரு பக்கம். என் மனையில் வெடிமருந்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான், அதுதான் வயிறு எரிகிறது. யாரை எப்படி விசாரிக்க வேண்டும், எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டும்போது நாலடியிலேயே பாறை தட்டியது. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னகைட் என்கிற கருங்கல். அடிவாரத்தில் எங்கே தோண்டினாலும் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஜேசிபி பல் போட்டுச் சுரண்டியதில் வெள்ளைக் கோடுதான் விழுந்தது. மேஸ்திரி, உளியால் பாறையை இடித்து உடைக்கிற பிரேக்கர் மெஷின் வைத்தால் மணிக்கணக்கு வாடகை ஏறிக்கொண்டே போகும், வெடி வைத்தால் சீக்கிரம் முடியும் என்றார். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஒரு ஆப் இருக்கிறது. அதில் ‘பாறை உடைத்தல்’ என்று தேடினேன். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று போட்டிருந்த ஆளைத்தான் கூப்பிட்டேன்.

வந்தவன் காசைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேராகக் குழிக்குள் இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பாட்டில் தண்ணீரைப் பாறை மேல் ஊற்றிக் கையால் தேய்த்தான். நனைந்ததும் பாறையில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. அதை விரலாலேயே ஓட்டிக் காட்டி, “பாருங்கக்கா, நரம்பு கிழமேலா ஓடுது. இதுக்குத் தோதா குழி போட்டா பக்கத்து வீட்டுச் செவுத்துக்கு அதிர்வே போகாது” என்றான். மேலே நின்றுகொண்டிருந்த எங்கம்மா, “தொழில் தெரிஞ்ச பையன்” என்று என் காதில் சொன்னார். நம்பிக்கை விழுந்தது அந்த இடத்தில்தான்.

அப்புறம் ஃபைலைத் திறந்தான். எல்.இ.-3 என்கிற வெடிபொருள் உரிமத்தின் கலர் நகல், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் பெயர், முத்திரை எல்லாம் இருந்தது. கலெக்டர் ஆபீசிலோ போலீசிலோ சொல்ல வேண்டுமா என்று வாய்விட்டே கேட்டேன். “அதெல்லாம் எங்க ஆபீஸ் பாத்துக்கும். லைசென்ஸ் எங்ககிட்ட இருக்குக்கா. நீங்க கடக்கால் பூஜைக்கு நாள் பாருங்க” என்றான். முன்பணம் 60,000, ஆள் இறங்கின அன்றைக்கு 75,000. இரண்டும் ஜிபேயில். மொத்தம் 1,35,000 ரூபாய்.

வேலைக்கு அவன் வரவில்லை. டிராக்டர் கம்ப்ரசரோடு இரண்டு பையன்கள் வந்தார்கள். ஜாக்ஹாமர் போட்டுக் குழி அடித்தார்கள். சாயங்காலம் இன்னொருவன் பைக்கில் ஒரு ரெக்சின் பையை மாட்டிக்கொண்டு வந்து அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்தப் பையில் இருந்தது வெடிமருந்துத் தோட்டாவும் அதை வெடிக்க வைக்கிற கேப்பும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ராத்திரி முழுக்க அதை சிமெண்ட் மூட்டை அடுக்குகிற ஷெட்டில் வைத்திருக்கிறார்கள். அந்த ஷெட்டில்தான் வாட்ச்மேன் சம்சாரமும் கைக்குழந்தையும் படுப்பார்கள், அடுப்பும் அங்கேதான். 2024 மே மாதம் விருதுநகர் மாவட்டம் ஆவியூரில் குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று உயிர் போனதே, நினைவிருக்கிறதா? அது கிடங்கு. இங்கே தகர ஷெட். இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வெடி வைத்தார்கள். சிவப்புக் கொடி கிடையாது, விசில் கிடையாது, தெருவில் ஆளை நிறுத்தவில்லை. வெடிக் குழி மேல் மணல் மூட்டை அடுக்கிக் கம்பி வலை போட வேண்டும். அவர்கள் நாலு காலிச் சாக்கை விரித்தார்கள். சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை ஷீட்டில் பொத்தல், சின்டெக்ஸ் டேங்க் கீறித் தண்ணீர் கொட்டுகிறது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். கை கொள்ளாத கல். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று, பாதிக் குழாய் மாதிரி ட்ரில் இறங்கிய தடம் அப்படியே இருந்தது. “கண்ணு, நான் பால் கறந்துட்டு அப்பத்தான் எந்திரிச்சு வெளிய வந்தேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பிப் பார்ப்பதற்குள் பையன்கள் கம்ப்ரசரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். “அண்ணன் வந்து பாத்துக்குவாரு” என்பது மட்டும்தான் பதில். பாறையில் பாதிதான் உடைந்திருந்தது. மீதியில் சில குழிகளிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக ஒயர் தொங்கியது. வெடிக்காமல் நின்றுபோன குழிகள் அவை. பெரியவர் போலீசுக்குப் போன் செய்தார். செய்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த நாள் மேஸ்திரி பிரேக்கர் கொண்டுவருவதாக இருந்தார். அந்த உளி அந்தக் குழியில் இறங்கியிருந்தால் ஆபரேட்டர் பிழைத்திருக்க மாட்டார். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து எடுத்துப் போனார்கள். உள்ளே இருந்த கேப், மின்சார டெட்டனேட்டர். அது 2025 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட பொருள். அவன் காட்டிய உரிமம் வேறு மாவட்டத்துக் குவாரிக்காரர் ஒருவருடையது, காலாவதியானது. தேதி இருந்த வரியின் மேல் சரியாக ரப்பர் ஸ்டாம்ப் குத்தி மறைத்திருக்கிறான்.

போன் போட்டேன். முதலில் “வண்டி ஓட்டிட்டு இருக்கேன்க்கா, கூப்பிடுறேன்.” அப்புறம் “மழைக்கா, ஆளுங்க வர முடியல.” அன்றைக்குச் சேலத்தில் பொட்டு மழை இல்லை. அப்புறம் வேறு யாரோ எடுத்து, அவர் ஊரில் இல்லை என்றான். கடைசியாக அவனே எடுத்தான். “நீங்க போலீசக் கூப்புட்டதாலதான் வேல நின்னுச்சு. குடுத்த பணம் செஞ்ச வேலைக்குச் சரியாப் போச்சு.” 1,35,000 ரூபாய் சரியாகப் போயிற்றாம்! ஜிபேயில் பணம் போன பெயரும் அவன் பெயர் இல்லை.

ஆப்காரர்கள் அதற்கு மேல். “உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், நாங்கள் இணைப்பு மட்டுமே ஏற்படுத்தித் தருகிறோம்” என்று ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அந்தப் பச்சை டிக் எதற்கு, என்னத்தைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். செல் நம்பரும் ஆதாரும் என்று பதில். வெடி வைக்கிறவனுக்கு ஆதார் பார்த்தால் போதுமா? புகாரை முடித்துவிட்டதாக அவர்களே மெசேஜ் அனுப்பினார்கள். நான் எழுதிய மதிப்புரையையும் தூக்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஓமலூர் பக்கம் முறையாக உரிமம் வைத்துத் தொழில் செய்கிற ஒரு பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்டதும் கோபம் இரண்டு மடங்கானது. 2008 வெடிபொருள் விதிகளின்படி உரிமம் என்பது ஆளோடு மட்டும் போகிற கார்டு இல்லை. எந்த இடத்துக் கிடங்கில், எவ்வளவு மருந்து என்று கட்டிப்போட்டுத்தான் கொடுப்பார்கள். மருந்து அதற்கென்று உரிமம் பெற்ற வேனில்தான் வரணும். குழியில் ஏற்றி வெடிக்கிற ஆளிடம் அவர் பெயரில் ஷாட்ஃபயரர் பெர்மிட் இருக்கணும். எத்தனை தோட்டா எடுத்தோம், எத்தனை செலவானது, எத்தனை திரும்பியது என்று பதிவேட்டில் ஏறணும். குவாரிக்கே குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959. என் மனைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நாற்பதடிகூட இல்லை. “வீடுங்க இவ்வளவு நெருக்கமா இருந்தா நானே வெடிக்கு ஒத்துக்க மாட்டேம்மா. கெமிக்கல் ஊத்திக்கங்க” என்றார். நெருக்க நெருக்கமாகக் குழி போட்டு, சுண்ணாம்பு கலந்த ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது. அது ஊதிப் பெருத்து, ஒரு நாளுக்குள் பாறை சத்தமில்லாமல் பிளந்துவிடும். இப்படி ஒன்று இருப்பதை அந்த ஆப்பிலும் யாரும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.

வெடிபொருள் சட்டம் 1884-ல் போட்டது. அனுமதியில்லாமல் வெடிபொருள் வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ 9பி பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூவாயிரம்! நான் இழந்தது 1,35,000. இதை யாராவது திருத்த வேண்டாமா?

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உரிமத்தின் ஒரிஜினலைப் பாருங்கள். நகலில் ஸ்டாம்ப் குத்திய இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஷாட்ஃபயரர் பெர்மிட்டில் இருக்கிற முகமும் குழிக்குள் இறங்குகிற முகமும் ஒன்றாக இருக்கணும். பையில் மருந்து வந்தால் அந்த நிமிஷமே 100-க்கு அடியுங்கள். ஒயர் தொங்குகிற குழிப் பக்கம் யாரையும் விடாதீர்கள். மேலே ஏற்காட்டில் மனை என்றால், மலைக் கிராமங்களுக்கு ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. அதை விசாரிக்காமல் மண்ணையே தொடாதீர்கள். முன்பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் ஆப் மேல் புகார் பதிந்துவிட்டேன். பெரியவரின் டேங்கையும் ஷீட்டையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தாயிற்று, அது 1,35,000-ல் சேராது. அவன் பக்கம் அந்த ஆப்பில் இன்றைக்குக் காலையிலும் பச்சை டிக்கோடு அப்படியே இருக்கிறது. பாறைக்குத் தண்ணீர் ஊற்றி நரம்பு காட்டுகிற ஆள் உங்கள் மனைக்கு வந்தால் பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், போலீஸ் புகாருக்கான சி.எஸ்.ஆர். ரசீது அனுப்புகிறேன்.