பி வகை ஆர்சிசிபி: எட்டு மாத அனுபவம்

கன்வேயர் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வைத்த நாளிலிருந்து பழைய ஏசி வகை ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) நினைத்தபோதெல்லாம் டிரிப் ஆனது. அதுகூடப் பரவாயில்லை; டிரைவிலிருந்து கசியும் டிசி மின்னோட்டத்தை அதால் உணரவே முடியாது என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது மெயினில் டிசி கசிவையும் உணரும் பி வகை, 300 மில்லி ஆம்பியர் கசிவுக்கானது, சற்றுத் தாமதித்து டிரிப் ஆகும் மாடல். வீண் டிரிப் ஒன்றுகூட இல்லை. விலையைக் கேட்டு மேலாளர் முகம் சுருங்கியது வேறு கதை.

டெஸ்ட் பட்டன் மட்டும் எரிச்சல். கையுறையோடு அழுத்த முடியாத அளவுக்குச் சின்னது, பேனா முனைதான் கதி.

அப்புறம், 300 தீயைத் தடுக்கத்தான். ஆளைக் காக்க சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் தனியாக வைத்தேன். போன மாதம் கிரைண்டர் ஒன்று கசிந்தபோது அந்தச் சாக்கெட் வரிசை மட்டும் அணைந்தது, கன்வேயர் நிற்கவில்லை.