'தாத்தா அட்டைகள்' போட்டுக் கொடுத்த ஜெராக்ஸ் கடை

மகாமகக் குளத்துப் பக்கம் இருக்கும் இந்தக் கடைக்கு நான் வழக்கமாகப் போவது ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் எடுக்கத்தான். இப்போது எழுதுவது வேறு ஒரு வேலையைப் பற்றி. போன ஆவணியில் என் அப்பா இறந்தார். என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. தாத்தாவுக்கு என்ன ஆனது என்று அவனுக்குச் சொல்ல உதவியது இந்தக் கடையில் போட்ட பதினொரு லேமினேஷன் அட்டைகள்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா அவனை டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் நிற்க வைத்து ரயில் பார்க்கக் கூட்டிப் போவார். அப்பா போன பிறகும் ஐந்து மணியானால் வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பான். "போலாம், ரைட்" என்பான். அது அப்பா சொல்கிற வார்த்தை. அப்பா குரலிலேயே சொல்வான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் நல்ல மனசோடுதான் பேசினார்கள். ஐஸ் பெட்டியைக் காட்டி ஒரு அத்தை "தாத்தா தூங்குறாரு கண்ணு" என்றார். அன்று ராத்திரியிலிருந்து அவன் படுக்கவே மாட்டேன் என்றான். உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து தூங்கினான். இன்னொருவர் "ஊருக்குப் போயிருக்காரு" என்றார், அவன் வாசல் கேட்டை விட்டு நகரவில்லை. "சாமிகிட்ட போயிட்டாரு" என்று கேட்ட பிறகு, தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் எட்டி எட்டிக் கருவறைக்குள் பார்த்தான். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற பிள்ளை அவன்.

ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அவனுக்கு ஒண்ணும் புரியல, விடு" என்றார்கள். ஆனால் ஒன்றரை வருஷமாக நின்றிருந்த பழக்கம், டிரவுசரிலேயே சிறுநீர் போவது, திரும்ப வந்தது. சட்டைக் காலரை மென்று மென்று நூலாக்கினான். புரியாத பிள்ளை இப்படி இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் சோஷியல் ஸ்டோரி செய்யச் சொன்னார். அமெரிக்காவில் ஆசிரியையாக இருந்த கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. ஒரு சூழ்நிலையைப் படமும் சின்னச் சின்ன வாக்கியமுமாகப் பிள்ளைக்கு விளக்குவது. "இப்படிச் செய், அப்படிச் செய்யாதே" என்பது குறைவாக, என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பது அதிகமாக இருக்க வேண்டும். பயிற்சியாளர் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார்: 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே போடுங்கள், சுற்றி வளைக்காதீர்கள்.

நோட்டில் எழுதிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தேன். கடைக்கார அண்ணன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிப்பவர். அப்பாவுக்கும் அவர்தான் அடித்தார். பழக்கத்தில் முதல் அட்டையில் "இறைவனடி சேர்ந்தார்" என்று தட்டி, ஓரத்தில் ஒரு குத்துவிளக்கும் வைத்துவிட்டார். "இறந்துவிட்டார்னு மாத்துங்கண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டில் கை வைத்தபடியே இருந்தார். "சின்னப் புள்ளைக்கா அக்கா?" என்று கேட்டார். அந்த அத்தை சொன்னதையும், பையன் படுக்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மாற்றினார், விளக்கையும் எடுத்துவிட்டார்.

அட்டைகளில் இருப்பது இவ்வளவுதான். தாத்தாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. தாத்தா மூச்சு விடமாட்டார், சாப்பிடமாட்டார், அவருக்கு வலிக்காது. இது தூக்கம் இல்லை. தூங்கினால் எழுந்திருப்போம். இறந்தவர் திரும்பி வரமாட்டார். இது யாருடைய தப்பும் இல்லை. ஐந்து மணிக்கு அம்மாவோடு நடந்து போய் ரயில் பார்க்கலாம். தாத்தா வேண்டும் போல இருந்தால் தாத்தா படத்தைப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் எங்கள் வீட்டுப் படமே இருக்கிறது: அப்பாவின் ஈஸி சேர், அந்த வண்டி, ரயில்வே கேட்.

இனி வேலைத் தரம். சாதாரணமாக எல்லாக் கடையிலும் போடுவது 125 மைக்ரான் கனமுள்ள ஷீட். மென்று கடிக்கிற பிள்ளைக்கு அது போதாது, மூலை பிரிந்துவிடும். இங்கே கேட்டால் 250 மைக்ரான் வைத்திருக்கிறார். மூலையை வட்டமாக வெட்டும் மிஷினும் இருக்கிறது. கூர் மூலை உதட்டைக் கிழிக்கும், அதனால் இதை மறக்காமல் கேளுங்கள். பளபளா ஷீட்டில் டியூப்லைட் வெளிச்சம் அடித்துத் தாத்தா முகமே தெரியவில்லை. அதை முதல் தடவை நானும் கவனிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை மேட் ஷீட்டில் போட்டோம். ஸ்பைரல் வேண்டாம், கம்பி நுனியைப் பிடித்து இழுப்பான். ஒரு ஓட்டை போட்டுப் பெரிய சாவி வளையத்தில் கோத்துக்கொண்டோம். படங்கள் கழற்றி ஒட்டும்படி வெல்க்ரோ வைத்தது நான், பக்கத்து டெய்லரிங் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இங்கே பெரிய ஷீட் ஒன்றுக்கு நாற்பது ரூபாய் வாங்கினார், ஒரு ஷீட்டில் இரண்டு அட்டை வரும்.

குறையும் உண்டு. கலர் பிரிண்டில் தோல் நிறம் சிவப்படிக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஸ்கூல் பிராஜெக்ட் கூட்டம், சத்தம் அதிகம். பிள்ளையைக் கூட்டிப் போனால் காலை பத்து மணிக்குப் போங்கள்.

நான் கூட்டிப் போனேன். மிஷின் சூடாக ஐந்து நிமிஷம் ஆகும். அந்த நேரம் முழுக்க அவன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை வந்ததும் அண்ணன் தாத்தா படம் இருந்த ஷீட்டை அவன் கையில் கொடுத்து, பத்திரமாக உள்ளே விடக் காட்டினார். மறுபக்கம் வந்ததை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். லேசான சூடு இருந்திருக்கும்.

அந்த வாரம்தான் தெருமுனையில் அப்பாவின் அஞ்சலி பிளெக்ஸை எடுத்துவிட்டு வேறு யாருடையதையோ கட்டியிருந்தார்கள். பள்ளிக்குப் போகும்போது தினமும் அதன் முன் நிற்பான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது, கீழே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். பையில் வளையம் இருந்தது. தாத்தா படம் உள்ள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். எழுந்திருக்க இருபது நிமிஷம் ஆனது. ஆனால் எழுந்தான்.

துக்கத்தை இந்த அட்டைகள் குறைக்கும் என்று சொல்லமாட்டேன். ஐந்து மணிக்கு இன்னும் சில நாள் வண்டியைத் தொட்டுப் பார்க்கிறான். ஆனால் இப்போது படுத்துத் தூங்குகிறான். அதற்கே மூன்று வாரம், ராத்திரியில் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, ஒரே குரலில் படிக்க வேண்டியிருந்தது.

கார்த்திகையில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன். அவன் வளையத்தை எடுத்து வந்து, 'இறந்துவிட்டார்' அட்டையிலிருந்த தாத்தா படத்தை உரித்துவிட்டு அந்த இடத்தில் என் படத்தை ஒட்டினான். என் முகத்தைப் பார்த்தான். அவன் கேட்ட முதல் பெரிய கேள்வி அது. "அம்மா சாகவே மாட்டேன்" என்று வாய் வரை வந்துவிட்டது, ஆனால் பொய்யைச் சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்வான். என் படத்தை எடுத்து என் கையிலேயே வைத்துக்கொண்டு, "அம்மாக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டேன். சரியாகும்" என்றேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் பன்னிரண்டாவது அட்டைக்காக இந்தக் கடைக்குத்தான் வந்தேன். "அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போடுவாள். காய்ச்சல் சரியாகும். நிறையப் பேர் வயதாகி, ரொம்ப நாள் வாழ்ந்த பிறகுதான் இறக்கிறார்கள். அம்மா ரொம்ப நாள் உன்னோடு இருக்க ஆசைப்படுகிறாள்." அண்ணன் இந்தத் தடவை எதையும் மாற்றவில்லை. எழுத்துப் பிழை மட்டும் ஒன்று திருத்தினார். காசும் வாங்கவில்லை.

அவர் கம்ப்யூட்டரில் 'தாத்தா அட்டை' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. வேறு யாருக்காவது வேண்டுமென்றால் எங்கள் படங்களை எடுத்துவிட்டு, வாக்கியங்களை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் படங்களை போனில் கொண்டுபோய் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், எடுத்துக் கொடுப்பார். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை.