சுவரில் நிரந்தரமாக ஓடும் எல்இடி மேட்ரிக்ஸ்: நாள்பட்ட பயன்பாட்டில் கண்டவை

மேக்ஸ்7219 என்ற, எல்இடிகளை இயக்கும் சிப் வைத்த எல்இடி மேட்ரிக்ஸ் மாட்யூல் ஒன்று எங்கள் வீட்டு ஹாலில் கடிகாரமாக ஓடுகிறது. எட்டுக்கு எட்டு சிவப்புப் புள்ளிகள் கொண்ட கட்டங்கள் நான்கு, ஒரே பலகையில் வரிசையாக வரும் வகை. பின்னால் அதை இயக்கும் புரோகிராம் ஓடும் சிறு கணினிப் பலகை, நோட்எம்சியு போர்டு. வாங்கிய வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்கள் ‘பளிச்சென்று இருக்கிறது’ என்பதோடு முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஓட்டும்போது வரும் தொல்லைகள் வேறு ரகம். பெரும்பாலும் எல்லாம் மின்சாரம் சம்பந்தப்பட்டவை. புரோகிராமைத் திட்டிப் பயனில்லை.

இணைப்பது சுலபம். 5 வோல்ட், கிரவுண்ட் போக மூன்றே வயர்: டின் (டேட்டா உள்ளே வரும் பின்) நோட்எம்சியுவின் டி7-க்கு, சிஎஸ் (சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பின்) டி8-க்கு, கிளாக் (தாளம் கொடுக்கும் பின்) டி5-க்கு. நோட்எம்சியுவுக்குப் பதில் ஆர்டுவினோ ஊனோ போர்டு என்றால் முறையே 11, 10, 13. பலகையின் இரு முனையிலும் பின்கள் இருக்கும். டின் என்று அச்சிட்ட முனையில்தான் கொடுக்க வேண்டும். எழுத்தைக் காட்ட புரோகிராமில் சேர்க்கும் எம்டி பரோலா லைப்ரரியில் இந்த மாட்யூலுக்கு ஹார்ட்வேர் வகை எஃப்சி16. எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வந்தால் வயரைப் பிடுங்காமல் புரோகிராமில் அந்த வகையைக் குறிக்கும் வரியை முதலில் பாருங்கள்.

இனி மின்சாரம். முழு வெளிச்சத்தில் எல்லாப் புள்ளிகளும் எரிந்தால் ஒரு சிப் 330 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நான்குக்கு 1.3 ஆம்பியர். நேரம் மட்டும் காட்டும்போது இதில் சிறு பங்குதான் செலவாகும், ஆனாலும் நோட்எம்சியு வழியாக மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2 ஆம்பியர் அடாப்டரிலிருந்தே இரண்டுக்கும் தனித்தனியாக வயர் இழுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக வையுங்கள்.

அப்புறம், மிக்ஸி கோளாறு. சமையலறையில் மிக்ஸியைப் போட்டால் நான்கு கட்டங்களும் திடீரென்று முழுப் பிரகாசத்தில் எரிந்து அப்படியே நின்றுவிடும். சில சமயம் ஒரு கட்டம் மட்டும் இருண்டுபோகும். கெட்டுப்போனது எதுவும் இல்லை. மின்னிரைச்சல் டேட்டா வயரில் ஏறி, சிப் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. சிப் தன் அமைப்புகளை வைத்திருக்கும் உள் இடங்களுக்கு ரிஜிஸ்டர் என்று பெயர்; 15-ஆம் ரிஜிஸ்டரில் 1 விழுந்தால் டிஸ்ப்ளே டெஸ்ட், எல்லாம் எரியும். 12-ஆம் ரிஜிஸ்டரில் 0 விழுந்தால் ஷட்டவுன். மருந்து இரண்டு. மாட்யூலின் மின்சாரப் பின்களை ஒட்டி 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டையும் சால்டர் செய்வது ஒன்று. நிமிடம் மாறும்போதெல்லாம் டெஸ்ட், ஷட்டவுன், ஸ்கேன் லிமிட் (எத்தனை வரிசை ஓட வேண்டும் என்பது), டீகோட் (எண்ணாக மாற்றிக் காட்ட வேண்டுமா என்பது) ஆகிய நான்கு ரிஜிஸ்டர்களையும் புரோகிராமில் மறுபடி எழுதிவிடுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தபின் எப்போதாவது தடுமாறினாலும் ஒரு நிமிடத்துக்குள் தானே சரியாகிவிடுகிறது.

இதற்கு அடியில் இன்னொரு காரணமும் உண்டு. 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்7219-க்கு உள்ளே வரும் சிக்னல் குறைந்தது 3.5 வோல்ட் இருக்க வேண்டும் என்கிறது சிப்பின் தொழில்நுட்பக் குறிப்பான டேட்டாஷீட். நோட்எம்சியு தருவதோ 3.3. வயர் விரல் நீளம் இருந்தால் பிரச்சினை தெரியாது. நீளம் கூடினால் தடுமாற்றம் தொடங்கும். நடுவே சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் 74எச்சிடி125 சிப் ஒன்றைப் போட்டால் முடிந்தது. ஊனோ 5 வோல்ட் போர்டு, அதற்கு இந்தக் கவலை இல்லை.

வெளிச்சம் 0 முதல் 15 வரை 16 படி. பகலில் 3 தாராளம். இரவில் 0 கூட இருட்டறையில் கொஞ்சம் அதிகம்தான், ஏனென்றால் 0 என்றால் அணைவதல்ல, 32-இல் ஒரு பங்கு. படுக்கையறைக்கு என்றால் மேலே கருஞ்சிவப்பு அக்ரிலிக் வையுங்கள்.

ஒரு வரிசை மொத்தமாக அணைந்தால் பதற வேண்டாம். கட்டம் உட்காரும் சாக்கெட்டில் கால் தளர்ந்திருக்கும், அழுத்தினால் வரும். ஒற்றைப் புள்ளி மட்டும் போனால் அந்த எல்இடி போனதுதான். 1088ஏஎஸ் என்ற எண்ணுள்ள கட்டத்தைத் தனியாக வாங்கி மாட்டலாம்.

தமிழ் காட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் எழுத்துருவை நாமே செய்ய வேண்டும். லைப்ரரியின் எழுத்துருவில் 255 இடம். நம் 247 எழுத்தையும் அடைத்தால் எண்களுக்கே இடம் போதாது. கால், கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகியவற்றைத் தனித் துண்டுகளாக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். உண்மையான நெருக்கடி உயரத்தில். ‘ஞாயிறு’ எழுதும்போது ‘யி’க்கு மேலே சுழி, ‘று’வுக்குக் கீழே இறக்கம், நடுவில் உடலுக்கு மிஞ்சுவது ஐந்து வரிசை. படிக்கலாம், அழகு பார்க்க முடியாது. ‘திங்கள்’ 32 பத்திக்குள் இழுத்துப் பிடித்து நிற்கும், ‘செவ்வாய்’ நிற்காது, ஓடவிட வேண்டியதுதான். தமிழ்தான் முக்கியம் என்பவர்கள் இரண்டு பலகை வாங்கி, மேலும் கீழுமாக வைத்து 16 வரிசையாக்குவது நல்லது. பரோலாவில் இரட்டை உயர எழுத்துக்கு வழி இருக்கிறது. அடாப்டரையும் அதற்கேற்பப் பெரிதாகப் பார்த்து வாங்குங்கள்.