செல்ஃப் எடுக்கவில்லை: பழுது பார்ப்பதா, பழையதா, புதியதா?

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி; இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் எடுக்கவில்லை. போன மார்கழியில் எங்கள் பதினோரு வயது பெட்ரோல் கார் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் இப்படித்தான் அடம்பிடித்து நின்றது. மதியத்துக்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேர்ந்தது. “சவத்த விடுங்க, புது செல்ஃபே வாங்கிப் போட்டிருவோம்” என்றார் மச்சான். எதிர்வீட்டு மாமா பேட்டரியை மாற்றச் சொன்னார். பழைய வண்டி உடைக்கிற இடத்தில் பாதி விலைக்கு ஒரு செல்ஃப் எடுத்துவிடலாம் என்றார் சித்தப்பா. வண்ணார்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி மட்டும் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, மீட்டர் வச்சுப் பாத்தியளா?”

எல்லா யோசனையையும் எடைபோட்டுப் பார்த்த பிறகு சொல்கிறேன், அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் பச்சைப் பொடியைச் சுரண்டினால் தீர்கிற கோளாறுக்கு, செல்ஃப் மோட்டார் புதிதா பழையதா என்று கணக்குப் போடுவது வீண்.

செல்ஃப்தானா, வேறு ஏதாவதா?

சத்தமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லை டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு கனத்த ‘டக்’ மட்டும் கேட்டு இன்ஜின் அசையாவிட்டால், செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த ஸ்விட்சான சோலனாய்டு இழுக்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் சரியாகப் போகவில்லை அல்லது மோட்டார் இறுகிக்கிடக்கிறது. மோட்டார் ‘விர்ர்’ என்று தனியாகச் சுற்றி, இன்ஜின் சும்மா இருந்தால், மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பல்சக்கரமான பெண்டிக்ஸ் போய்விட்டது. கரகரவென்று பல் உரசினால் பெண்டிக்ஸ் பல்லையும், அது கோக்கும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலின் பல்லையும் பார்க்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியில் நியூட்ரல் ஸ்விட்ச் என்று தேட வேண்டும். அங்கே செல்ஃபைக் கழற்றுவது கடைசி வேலை.

சத்தத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அடுத்து இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி அதே இடத்தில் பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்த இன்னொரு பேட்டரியை ஜம்பர் கேபிளில் சேர்த்துப் பார்த்தால் இரண்டில் எது என்று பிரித்துவிடலாம்.

பலரும் தவறவிடுவது எர்த் வயரை, அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்க்கும் வயரைத்தான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழிலும், மறுமுனையைச் செல்ஃபின் உடம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பினால், மோட்டார் சுற்றும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பாசிட்டிவ் பக்கம் பேட்டரியிலிருந்து செல்ஃபின் தடித்த வயர் வரை 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகம் காட்டினால் இடையில் எங்கேயோ துரு. உவரி, கூடங்குளம் பக்கம் கடற்கரையை ஒட்டி நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று செய்கிற வேலை இது. கம்பி பார்க்க நன்றாகவே இருக்கும், உறைக்குள்ளே செம்பு பச்சைபிடித்துப் போயிருக்கும்.

எங்கள் வண்டியில் பேட்டரி 12.5 காட்டியது. சாவியைத் திருப்பியபோது ‘டக்’ என்றதும் 11.9, அதற்குக் கீழே போகவே இல்லை. சோலனாய்டுக்குப் போகும் சின்ன வயரில் மின்சாரம் சரியாக வந்தது. சோலனாய்டைத் தாண்டி மோட்டாருக்குள் போகும் போல்ட்டிலும் 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தது, ஆனாலும் மோட்டார் சுற்றவில்லை. ஆக சோலனாய்டின் செம்பு காண்டாக்ட் நல்லது, கோளாறு மோட்டாருக்குள்ளே. ஸ்பேனர் கைப்பிடியால் மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் ஒரே தடவையில் வண்டி பிடித்துக்கொண்டது. தட்டினால் எடுக்கிறது என்றால் அநேகமாகக் கார்பன், அதாவது மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கட்டை, தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தட்டை மெதுவாகத்தான் தட்ட வேண்டும். இப்போதைய சின்ன செல்ஃப்களில் பெரும்பாலும் ஃபீல்டு காயில் என்ற கம்பிச்சுருளுக்குப் பதில் காந்தம் ஒட்டியிருக்கும். ஓங்கி அடித்தால் அது விரிசல் விட்டுவிடும்.

கழற்றுவது வீட்டிலா, கடையிலா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சின்ன பெட்ரோல் காராக இருந்தால் வீட்டிலேயே கழற்றலாம். செல்ஃப் கியர்பாக்ஸ் ஓரத்தில் இரண்டு அல்லது மூன்று போல்ட்டில் நிற்கும். பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தால் மேலிருந்தே கை போகும். எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது, பழகிய கைக்கு அரை மணி போதும். கடைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போகும் செலவும், அங்கே வரிசையில் ஒரு நாள் நிற்கும் அலைச்சலும் மிச்சம். செல்ஃபை மட்டும் ஒரு பையில் போட்டு பைக்கில் கொண்டுபோய்விடலாம்.

ஆனால் முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது. செல்ஃபுக்கு வரும் தடித்த வயருக்குப் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் ஒரு நொடி பாடியில் பட்டால் ஸ்பேனரே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். கீழே படுத்துச் செய்வதாக இருந்தால் வெறும் ஜாக்கை நம்பிப் போகவே கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சோலனாய்டு போல்ட்டுகளைக் குறுக்கே தொட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கியரில் கிடக்கும் வண்டி அப்படியே ஆள்மேல் ஏறிவிடும். நான் அதைச் செய்வதில்லை.

டீசல் வண்டி என்றால் கணக்கு வேறு. பலவற்றில் செல்ஃப் இன்ஜினுக்குப் பின்னால் மறைந்திருக்கும், கனமும் அதிகம். அதைக் கடையில் விடுவதே நல்லது.

கழற்றிய பிறகு எந்த வழி?

வீட்டிலேயே கார்பன் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. கார்பன் செட்டு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிளேட்டோடு வரும் வகையாக இருந்தால் பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிடலாம். பற்றவைக்கும் வகையாக இருந்தால் ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் அந்தச் செம்புப் பின்னலைச் சூடாக்கவே செய்யாது. அரைகுறையாக ஒட்டிய ஈயம் மோட்டார் சூட்டில் உருகிக் கழன்றுவிடும். கார்பன் உரசுகிற செப்பு வளையமான கம்யூட்டேட்டரை மென்மையான உப்புத்தாளால் துடைக்கலாம். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் இடுக்கில் தங்கினால் ஷார்ட் ஆகும். இந்த வழியின் பெரிய குறை, கார்பன் மட்டும்தான் தேய்ந்தது என்று நாமாக முடிவுகட்டிவிடுவது. தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் பாகமான ஆர்மேச்சர் ஓரம் உரசிக்கொண்டிருந்தால், புதுக் கார்பன் போட்டும் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் சுற்றும்.

அதனால்தான் எலக்ட்ரீஷியன் கடை பெஞ்சு எனக்குப் பிடித்த வழி. செல்ஃபைப் பிரித்த அண்ணாச்சி முதலில் ஆர்மேச்சரின் ஓரத்தில் பட்டிருந்த பளபளப்பான உரசல் தடத்தைக் காட்டினார். “கார்பன் தேஞ்சது மட்டுமில்ல தம்பி, பின்புஷ்ஷும் ஓவலாயிட்டு. இத விட்டா ஆறு மாசத்துல ஆர்மேச்சர் போயிரும்.” நான் வீட்டில் செய்திருந்தால் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். கார்பன், இரண்டு புஷ், பெண்டிக்ஸைக் கழுவிக் கிரீஸ், கம்யூட்டேட்டரை லேத்தில் மெல்லியதாக ஒரு சீவு, செப்புப் பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்காவைக் கீழே இறக்குவது, அப்புறம் பைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கிப் பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டுவது என எல்லாமே ஒரு மாலையில் முடிந்தது. கூலியையும் சாமானையும் சேர்த்தால்கூடப் புதியதின் விலையில் சிறு பங்குதான். ஆர்மேச்சர் ஷார்ட்டா என்று சோதிக்கும் கருவியும் லேத்தும் வீட்டில் இருக்காது. அங்கேதான் கடை ஜெயிக்கிறது.

ஆர்மேச்சரே கருகியிருந்தால் மட்டும் இந்த வழி கைவிடும். பழைய பெரிய செல்ஃப்களுக்குக் காயில் கட்டுவதில், அதாவது கம்பியைப் புதிதாகச் சுற்றுவதில், நியாயம் உண்டு. சின்ன காந்த வகை செல்ஃபுக்குக் காயில் கட்டும் கூலியைப் புதிய ஆர்மேச்சரின் விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் ஆர்மேச்சரே வாங்கிவிடலாம்.

எக்ஸ்சேஞ்ச், அதாவது நம் பழையதைக் கொடுத்துக் கடைக்காரர் ஏற்கெனவே சரிசெய்து வைத்திருப்பதை வாங்குவது, அவசரத்துக்கு நல்லது. அரை நாளில் வண்டி ஓடும். ஆனால் உள்ளே என்ன மாற்றினார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதுசுபோல் வைத்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் புஷ் பழையதேதான்.

பழைய வண்டி உடைக்கிற இடத்துச் செல்ஃபைச் சித்தப்பாவிடம் அன்றே வேண்டாம் என்றேன். காரணம் 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பொங்கி நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையமும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசும் தண்ணீருக்குள் நின்றதை நாமெல்லாம் பார்த்தோம். எத்தனையோ வண்டிகள் போனட் வரை மூழ்கின. செல்ஃப் இருப்பதோ இன்ஜினின் அடிப்பக்கம். மூழ்கிய மோட்டாருக்குள் ஆற்று வண்டல் புகுந்து, புஷ்ஷின் எண்ணெயைக் கழுவிவிட்டு, பெண்டிக்ஸின் திருகுத் தடத்தில் காய்ந்து இறுகிவிடும். பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டால் பிழைக்கும், பிரிக்காமல் விட்டால் மெல்லத் துருப்பிடிக்கும். வெளியே துடைத்துவைத்த செல்ஃபைப் பார்த்து அது எந்த வண்டியிலிருந்து வந்தது, எவ்வளவு நாள் தண்ணீரில் கிடந்தது என்று யாரால் சொல்ல முடியும்? பழையதுதான் வேண்டும் என்றால், பிரித்துக் காட்டச் சொல்லி உள்ளே மண் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

புதியதுக்கு வருவோம். மச்சான் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆர்மேச்சரும் சோலனாய்டும் பெண்டிக்ஸும் ஒன்றாகப் போயிருந்தால், ஒவ்வொன்றாக மாற்றும் செலவு புதியதை நெருங்கிவிடும். வெளியூர் ஓட்டம் அதிகமுள்ள வண்டிக்கும், இரவில் தனியாக ஓட்டுகிறவர்களுக்கும் புதியது தரும் நிம்மதி பெரிது. அப்படி வாங்கினால் வண்டியில் ஏற்கெனவே பூட்டியிருந்த தயாரிப்பாளரின் செல்ஃபையே பெட்டி, பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். டென்சோ, வேலியோ, லூக்காஸ் டிவிஎஸ் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று வரும். லூக்காஸ் டிவிஎஸ் 1961-இல் சென்னை பாடியில் தொடங்கியது. அந்த டிவிஎஸ் பெயருக்குரிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெயர் தெரியாத மலிவுச் செல்ஃபைவிட, நன்றாகச் சர்வீஸ் செய்த நம் பழைய செல்ஃபே மேல். அதன் வார்ப்பும் பல்லும் அந்த ஃப்ளைவீலுக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. பல் சரியாக உட்காராத செல்ஃப் ஃப்ளைவீல் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அந்தச் செலவுக்கு முன்னால் செல்ஃப் விலை ஒன்றுமே இல்லை.

ஆகப் பெட்ரோல் சின்ன வண்டிக்கு என் முடிவு: வீட்டில் அளந்து, வீட்டில் கழற்றி, கடை பெஞ்சில் சர்வீஸ். ஆர்மேச்சரோடு சோலனாய்டும் பெண்டிக்ஸும் சேர்ந்து போயிருந்தால் மட்டும் புதிய செல்ஃப். டீசலுக்கு அளப்பது மட்டும் வீட்டில்.

திரும்பப் பூட்டும்போது செல்ஃப் உட்காரும் முகத்தையும் போல்ட் துளையையும் கம்பி பிரஷ் போட்டுத் துலக்க வேண்டும். எர்த் அதன் வழியாகத்தான் போகிறது, பெயின்ட் அடித்த செல்ஃப் என்றால் இன்னும் கவனம் தேவை. போல்ட்டுகளைக் கையால் முழுதும் ஏற்றிவிட்டு, பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். பேட்டரி நெகட்டிவ் கடைசி. எங்கள் வண்டியில் அன்று இரவு சாவியைத் திருப்பியபோது மீட்டர் 10.6-க்கு இறங்கி, இன்ஜின் பிடித்ததும் 14.2-க்கு ஏறியது. பேட்டரியைக் கழற்றியதால் கடிகாரமும் ஜன்னல் கண்ணாடி செட்டிங்கும் அழிந்திருந்தன, அதைச் சரிசெய்யப் பத்து நிமிஷம் ஆனது.