பாதி விலைக்கு வந்த ஜிமேட் கணிதப் பயிற்சி: ஓராண்டு பயன்படுத்திய பிறகு

எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்கு நான் ஓராண்டாகப் பயன்படுத்தி வரும் கணிதப் பயிற்சித் தளம் இந்த வாரம் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறது. "அக்கா, இப்பவே கட்டிடட்டுமா?" என்று பெரியப்பா மகன் கேட்டான். அவனுக்கு வாட்ஸப்பில் பதில் போட ஆரம்பித்து நீண்டுவிட்டது. அவனைப் போல வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கும் ஆகும் என்று இங்கே எழுதுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். இதே குறை வேறு தளங்களிலும் இருக்கக்கூடும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய நல்ல பெயர். தேர்வின் கணிதப் பகுதியான குவான்ட்டுக்கு 60 முதல் 90 வரை மதிப்பெண். ஆரம்பத்தில் 74-ல் நின்ற நான் தேர்வில் 83 வாங்கினேன். அதில் பெரும்பங்கு இந்தத் தளத்தின் ஒரே ஒரு பக்கத்துக்குச் சேரும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் போனது, சரியா தவறா என்று வரிசையாகக் காட்டுகிற பக்கம் அது.

21 கேள்விகள், 45 நிமிடம். கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்தப் பக்கத்தைச் சில வாரம் தொடர்ந்து பார்த்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது: தவறாகப் போனவை பெரும்பாலும் நான்கு நிமிடத்தைத் தாண்டியவை. நேரம் கூடக் கூட விடை தெளியும் என்று நாம் நம்புகிறோம், அந்த அட்டவணை அதை நம்ப விடாது. அதைவிட மோசம், அந்த நான்கு நிமிடம் கடைசி மூன்று கேள்விகளின் பங்கிலிருந்து போகிறது. ஜிமேட்டில் கேள்விகளை விடையில்லாமல் விட்டுவிட்டு நேரம் முடிந்தால் மதிப்பெண் பலமாகக் குறையும். இரண்டு நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் ஏதோ ஒன்றைத் தேர்ந்து, குறி போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். எல்லாக் கேள்வியும் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் திரும்பி வரலாம், ஒரு பகுதிக்கு மூன்று விடை வரை மாற்றலாம். இதை அசல் தேர்வு போலவே தளத்தில் செய்து பழக முடிந்தது. இந்தப் பழக்கம் ஒன்றே பணத்துக்குச் சமம் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன்.

எண்களின் வகுபடும் தன்மை, மீதி, விகிதம், சதவீதம் கேள்விகள் தரமானவை. விளக்கங்கள்தான் சுற்றி வளைப்பவை. எதற்கெடுத்தாலும் எக்ஸ், ஒய், இரண்டு சமன்பாடு. கலவைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவின் கொலுசுப் பட்டறையில் 80 டச் (நூற்றுக்கு 80 பங்கு சுத்தம்) வெள்ளியையும் 55 டச் வெள்ளியையும் உருக்கிச் சேர்த்து 70 டச் வேண்டும் என்றால் யாரும் சமன்பாடு போடுவதில்லை. 70-க்கும் 55-க்கும் வித்தியாசம் 15. 80-க்கும் 70-க்கும் வித்தியாசம் 10. ஆக 80 டச்சில் மூன்று பங்கு, 55 டச்சில் இரண்டு பங்கு. மனதிலேயே முடிந்துவிடும். குவான்ட் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது, இப்படி மனக்கணக்கில் போகும் வழிதான் அங்கே நிமிடங்களை மிச்சப்படுத்தும். விளக்கத்தில் அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். போகட்டும், விடை சரியாகத்தான் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போகும் வழியில் சிக்னல் போனால் வீடியோ நின்றுவிடுகிறது, அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது வேறு. 2023 நவம்பரில் ஜிமேட் புது வடிவத்துக்கு மாறியது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு முடிந்துபோனது. முன்பு 62 நிமிடத்தில் 31 கேள்வி, அதில் வட்டம், முக்கோணம், உருளை எல்லாம் வரும். இப்போது வடிவியல் குவான்ட் பகுதியிலிருந்து போய்விட்டது. கொடுத்த தகவல் போதுமா போதாதா என்று கேட்கும் கேள்விகள் டேட்டா இன்சைட்ஸ் என்ற இன்னொரு பகுதிக்குப் போய்விட்டன, அங்கே கால்குலேட்டரும் உண்டு. இது தேர்வு எழுத நினைக்கும் எவருக்கும் முதல் நாளே தெரிகிற செய்தி.

இந்தத் தளம் முகப்பில் "புதிய ஜிமேட்டுக்கு ஏற்றது" என்று போட்டுக்கொண்டு, கலப்புப் பயிற்சியில் இன்னமும் உருளையின் கன அளவைக் கேட்கிறது. தலைப்பு வாரியாகப் பயிற்சி செய்தால் ஒதுக்கிவிடலாம். கலப்புப் பயிற்சியில் ஒதுக்க வழியே இல்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் அது தவறாகக் கணக்கில் ஏறுகிறது. உடனே "உங்கள் பலவீனம்: வடிவியல்" என்று சிவப்பில் காட்டி, அடுத்த வாரத் திட்டத்தில் இன்னும் நாலு வட்டத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. தேர்விலேயே இல்லாத பாடத்தில் என்னைத் தேற்றுவதற்கு! நான் ஆறு மாதமாக நம்பிய நேர அட்டவணையையும் இது கெடுக்கிறது, எந்த வாரத்தின் சராசரியை எந்த வாரத்தோடு ஒப்பிடுவது? கடைசியில் ஜிமேட் நடத்துபவர்களின் எம்பிஏ.காம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வுகளை வைத்துத்தான் எங்கே நிற்கிறேன் என்று அளந்தேன்.

எழுதிக் கேட்டேன். மரியாதையான பதில்தான் வந்தது: வடிவியல் பயிற்சி தர்க்கச் சிந்தனையை வளர்க்குமாம். மறுபடி எழுதினேன், அதே வரிகள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் ஒரு பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு அந்த ஒன்றேகால் மணி நேரம்தான் முழு நாளின் படிப்பு. அதில் பத்து நிமிடத்தை உருளைக்குக் கொடுக்கச் சொல்வதை நான் அலட்சியம் என்றுதான் சொல்வேன். சந்தா வாங்கியவர்களின் விடியற்காலையை மதிக்காத அலட்சியம். கேள்வி வங்கியிலிருந்து ஒரு தலைப்பை மறைத்துவைக்க எத்தனை நாள் வேலை பிடிக்கும்?

தம்பி, கட்டாதே. மாதிரித் தேர்வு இரண்டும் இலவசம். நேர அட்டவணையை ஒரு கோடு போட்ட நோட்டில் நீயே எழுதிக்கொள்: கேள்வி எண், நேரம், சரியா தவறா, எந்தத் தலைப்பு. ஆனாலும் வாங்கியே தீருவேன் என்றால் கலப்புப் பயிற்சியைத் தொடாதே, தலைப்பு வாரியாக மட்டும் போ.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். 83 வாங்கித் தந்ததற்கு இரண்டுதானா என்று கேட்பவர்களுக்கு, ஆமாம், இரண்டுதான். உருளையை எடுத்துவிட்டோம் என்று அவர்கள் எழுதும் நாளில் நாலாக மாற்றுகிறேன்.